ஃபாரினின் தலைநகரம்

செஞ்சி
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கவர்மேல் ‘சிஸ்டர் இருதயமேரி’ என்று மரியாதையாக எழுதியிருக்கிறேன். இல்லாவிட்டால் மலாவியில் உங்கள் கன்னியர் மடத்துக் கதவைத் தாண்டாது. உள்ளே நீ எனக்கு அக்காதான். ஞாயிற்றுக்கிழமை போனை அம்மாவே முழுக்கப் பிடித்துக்கொள்கிறாள். எனக்கு மிஞ்சுவது “சரி வெச்சிடறேன், சிக்னல் போவுது” என்கிற உன் கடைசி வார்த்தை மட்டும். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

போன வாரம் என் ஐந்தாம் வகுப்பைக் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். யுனெஸ்கோ அங்கீகாரம் வந்ததிலிருந்து கூட்டம் கொஞ்சம் கூடியிருக்கிறது. கல்யாண மகாலுக்கு முன்னால் ஒரு வெள்ளைக்கார அம்மாள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். நம்ம பிள்ளைகள் சுற்றி நின்று அவளையே பார்த்தார்கள். ஜேம்ஸ் என்று ஒரு வால் என் புடவையை இழுத்தான். “டீச்சர், இவங்க ஃபாரின் தான? ஃபாரினோட தலைநகரம் இன்னா டீச்சர்?”

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. மற்றவர்களைக் கேட்டால் இன்னும் மோசம். வகுப்பில் பாதிப் பேருக்கு ஃபாரின் என்பது ஒரே நாடு. சித்தப்பா வேலை பார்க்கும் குவைத், டிவியில் வரும் அமெரிக்கா, நீ இருக்கும் மலாவி எல்லாம் அந்த ஒரே ஃபாரினுக்குள் இருக்கும் ஊர்கள். ஐந்து வருஷமாக நாங்கள் என்ன பாடம் நடத்திக் கிழித்தோம் என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஒருத்தி மட்டும் விதிவிலக்கு. அன்புக்கரசி, தொண்டூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். நேராகப் போய் “விச் கன்ட்ரி மேடம்?” என்று கேட்டாள். அந்த அம்மாள் “நார்வே” என்றாள். இவள் யோசிக்கவே இல்லை, “ஆஸ்லோ” என்றாள். அந்த அம்மாள் வாயைப் பிளந்துவிட்டாள், நானும்தான். அன்றிலிருந்து இவளுக்கு மூச்சு விட்டால் நார்வேதான். குளிர்காலத்தில் அங்கே ஒரு பக்கம் சூரியனே வராதாம், எனக்கே பாடம் எடுக்கிறாள்.

எங்கள் ஹெச்.எம். தனசேகரன் சாரிடம் சொன்னேன். உடனே செப்டம்பரில் ‘உலக நாடுகள் தினம்’ என்று அறிவித்துவிட்டார். பிள்ளைக்கு ஒரு நாடு, அந்த நாட்டு உடை, அந்த நாட்டைப் பற்றி நாலு வார்த்தை. மலாவியைப் பற்றி நீதான் எழுதி அனுப்ப வேண்டும். அங்கே என்ன சாப்பிடுகிறார்கள், என்ன உடுத்துகிறார்கள், எல்லாம்.

அம்மா உனக்கு அடுத்த பார்சலிலும் பவுடர் டப்பா வைக்கச் சொல்கிறாள். “ஆப்பிரிக்கா வெயில்ல எம்பொண்ணு இன்னும் கறுத்துப் பூட்டிருக்கும்” என்று தினமும் புலம்பல்.

உன் தங்கை,
ஜாஸ்மின்


மலாவி
27 ஆகஸ்ட் 2025

ஜாஸ்மினுக்கு,

ஆண்டவருடைய சமாதானம் நம்ம வீட்டில் இருக்கட்டும்.

உன் கடிதத்தை இரவுச் சாப்பாட்டில் வாசித்துக் காட்டினேன். ஃபாரினின் தலைநகரத்தைக் கேட்டு எங்கள் மதர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நான் சிரித்ததோடு நிறுத்தாமல் மறுநாள் என் வகுப்பிலும் கேட்டுப் பார்த்தேன். இந்தியா என்றால் என்ன தெரியும் என்றதற்கு, இந்தியர்கள் எல்லோரும் கடைக்காரர்கள் என்றார்கள். டவுனில் அவர்கள் பார்த்தது அவ்வளவுதான். “அப்ப நான்?” என்றேன். “நீங்கள் சிஸ்டர்” என்றார்கள். ஆக உன் பிள்ளைகளுக்கும் என் பிள்ளைகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

மலாவிக்குக் கடல் கிடையாது, கடலைப் போல ஓர் ஏரி உண்டு. அக்கரை கண்ணுக்குத் தெரியாது. சாப்பாடு, மக்காச்சோள மாவில் கிண்டும் ந்சிமா. நம்ம கேழ்வரகுக் களியை வெள்ளையாக நினைத்துக்கொள். கையால் உருட்டி, கீரையோடும் ஏரி மீனோடும் சாப்பிடுகிறார்கள். மண் சிவப்பு. நம்ம ஊரைப் போலவே கரண்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். பிள்ளைகள் நம்ம பிள்ளைகளைப் போல யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, அவர்களைப் போலவே வாய்ப்பாட்டில் தடுமாறுகிறார்கள்.

பெண்கள் இடுப்பில் சித்தேஞ்சே என்று ஒரு துணி சுற்றுவார்கள். அதிலேயே குழந்தையை முதுகில் கட்டிக்கொள்வார்கள். லீவுக்கு வரும் சிஸ்டர் லூசி கையில் ஒன்று கொடுத்தனுப்புகிறேன். என் வகுப்பில் சிக்கோண்டி என்று ஒரு பெண். இந்தியாவில் ஒரு பிள்ளை மலாவியாக மேடையேறப் போகிறாள் என்று கேட்டதும் வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவைக் கூட்டி வந்துவிட்டாள். அந்த அம்மாள் கல்யாணப் புடவை எடுக்கிற மாதிரி சந்தையில் நின்று, ஒவ்வொரு துணியாகப் பிரிக்கச் சொல்லி, கடைசியில் மஞ்சளில் நீல மீன் போட்டதை எடுத்தாள். “அந்தப் பெண்ணுக்கு இது எடுப்பாக இருக்கும்” என்றாள், என்னவோ உங்கள் பெண்ணைப் பார்த்த மாதிரி.

போட்டோ கட்டாயம் வேண்டும். இங்கே போனில் படம் இறங்காது, பிரிண்ட் போட்டு லூசி சிஸ்டரிடமே கொடு. நாங்களும் நவம்பரில் ‘இந்தியா நாள்’ கொண்டாடுகிறோம். அன்புக்கரசி நார்வேயை எப்படிப் பேசினாள் என்று எழுது. எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது.

இருதயமேரி


செஞ்சி
28 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

அமர்க்களப்படுத்திவிட்டோம் போ. பெற்றோர், பஞ்சாயத்துத் தலைவர், பங்குச் சாமியார், உட்கார இடமில்லை. ஜப்பானுக்கு அட்டையில் விசிறி, பிரான்ஸுக்கு மைதா மாவு பூசிய ஜேம்ஸ், அரபு நாட்டுக்கு ஹெச்.எம். வீட்டு வெள்ளை வேட்டி. கைதட்டி எல்லோருக்கும் கை சிவந்துவிட்டது.

உன் மலாவிக்குத்தான் முதல் பரிசு. அன்புக்கரசிதான் மலாவி. நார்வே கேட்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள், என்ன செய்வது? நார்வே என்றால் சிவப்பாக இருக்க வேண்டாமா? மளிகைக்கடை ஜெயராமன் பெண்ணுக்கு நிறம் சரியாக இருந்தது, அவளுக்குக் கொடுத்துவிட்டோம். ஆப்பிரிக்காவுக்கு வந்த மற்ற இரண்டு பிள்ளைகளுக்கும் அடுப்புக்கரியை அரைத்துத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசினோம். அன்புக்கரசி முறை வந்ததும் தனகோட்டி டீச்சர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, “இவளுக்கு எதுக்குடி, கரி மிச்சம்” என்றாரே பார்க்கலாம். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அவளும் சிரித்தாள்.

உன் துணி ரொம்ப அழகு. ஆனால் கட்டிப் பார்த்தால் நம்ம கைலி மாதிரி இருந்தது. சபையில் யாருக்கும் ஆப்பிரிக்கா என்று புரியாது என்று ஹெச்.எம். சொன்னார். அதனால் அதை மேஜைக்கு விரித்துவிட்டு, அவளுக்கு மாவிலையில் பாவாடை, அட்டையில் எலும்பு மாலை, கையில் ஒரு ஈட்டி. மேடைக்கு வந்து “ஊ” என்று கத்திக்கொண்டு குதிக்கச் சொன்னோம். நீ எழுதிய ஏரியும் களியும் எழுதி வைத்திருந்தேன், நேரமில்லை என்று விட்டுவிட்டோம். கத்தலுக்கே விசில் பறந்தது.

போட்டோக்கள் இந்தக் கவரில். அம்மாவின் பவுடர் டப்பாவும் பார்சலில் இருக்கிறது. உன் பிள்ளைகளிடம் காட்டு, மகிழ்ந்துபோவார்கள்.

ஜாஸ்மின்


மலாவி
16 அக்டோபர் 2025

ஜாஸ்மின்,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

லூசி சிஸ்டர் பார்சலைக் கொண்டுவந்தபோது நான் ஆஸ்பத்திரியில் ஒரு பிள்ளையோடு இருந்தேன். “இந்தியாவிலிருந்து போட்டோ” என்று கேட்டதும் என் வகுப்பு காத்திருக்கவில்லை. சிக்கோண்டி கவரைப் பிரித்து, எல்லாவற்றையும் பலகையில் வரிசையாகக் குத்தி வைத்திருந்தாள். நான் திரும்பி வந்தபோது வகுப்பில் சத்தமே இல்லை.

நான் பலகையைப் பார்த்தேன். மாவிலை. எலும்பு. ஈட்டி.

சிக்கோண்டி கேட்டாள், “சிஸ்டர், இது நாங்களா?” பிறகு தன் அம்மா தேடி எடுத்த துணியை மேஜையில் கண்டுபிடித்தாள். அதன்மேல் வெற்றிக் கோப்பைகளை வைத்திருக்கிறீர்கள். “இந்தத் துணி பிடிக்கவில்லையா அவர்களுக்கு?” என்றாள். ஒரு பையன் எழுந்து தன் சட்டையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டான். யூனிஃபார்ம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி.

பிள்ளைகளுக்கு நாடுகளைக் காட்டுகிறேன் என்றாய். இதைவிட அவர்கள் ஃபாரினை ஒரே நாடு என்று நினைத்துக்கொண்டே இருந்திருக்கலாம்.

உனக்கு ஞாபகமிருக்கிறதா தெரியவில்லை. நம்ம ஊர்க் கோயிலில் கிறிஸ்துமஸ் நாடகம். வருஷா வருஷம் நீ மாதா. நீல முக்காடு போட்டு நடுவில் உட்காருவாய். நான் வருஷா வருஷம், குழந்தை இயேசுவைப் பார்க்க வரும் மூன்று ராஜாக்களில் கறுப்பு ராஜா. “மேரிக்குக் கரி தேவையில்ல” என்று நாடகம் போட்ட கோயில் உபதேசியார் அன்று என்னைக் காட்டிச் சொன்னதைத்தான் உங்கள் தனகோட்டி டீச்சர் இன்று சொல்லியிருக்கிறார். அன்று நைனா சிரித்தார். அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

அன்புக்கரசியின் போட்டோ ஒரு பிரதியாவது உன்னிடம் இருக்கும். அவள் வாயைப் பார்க்காதே, கண்ணைப் பார். அவள் எப்படி இருக்கிறாள்?

இருதயமேரி


செஞ்சி
9 நவம்பர் 2025

அக்காவுக்கு,

ரெண்டு ஞாயிறாக நீ கூப்பிட்டபோது நான் போன் பக்கமே வரவில்லை. வேண்டுமென்றேதான் வரவில்லை.

பிள்ளைகள் ஆடிய மாறுவேடத்துக்கு நான் முட்டிபோட்டுப் பாவசங்கீர்த்தனம் பண்ண வேண்டுமா? ஜேம்ஸுக்கு மைதா மாவு பூசினோமே, பிரான்ஸ்காரன் யாராவது கோபித்துக் கடிதம் போட்டானா? எனக்கென்ன கெட்ட எண்ணமா? நாடே தெரியாத பிள்ளைகளுக்கு நாட்டைக் காட்ட வேண்டும் என்று ராப்பகலாக அட்டை வெட்டியவள் நான். நீ அங்கே கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு தீர்ப்பு எழுதுகிறாய். கறுப்பு ராஜா வேஷம் பிடிக்கவில்லை என்றால் அன்றைக்கே வாயைத் திறந்திருக்கலாமே. மாதா வேஷம் வேண்டும் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை, போட்டு உட்கார வைத்தார்கள், உட்கார்ந்தேன்.

அதிருக்கட்டும். உங்கள் ‘இந்தியா நாள்’ என்ன ஆயிற்று? பாம்பாட்டியைக் கொண்டுவந்தாயா, பிச்சைக்காரனைக் கொண்டுவந்தாயா? அதையும் எழுது, பார்ப்போம்.

மேலே உள்ளதை எழுதி முடித்து மேஜையில் வைத்திருந்தேன். கிழிக்க மனசில்லை, அப்படியே அனுப்புகிறேன். ஆனால் நீ கடைசியில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் மூட முடியவில்லை.

அன்புக்கரசி வருவதில்லை. விழா முடிந்த மறுநாளிலிருந்தே வரவில்லை. காய்ச்சல் என்றார்கள், பிறகு காலாண்டு லீவு வந்தது, பிறகு ஊருக்குப் போயிருப்பாள் என்று நானே நினைத்துக்கொண்டேன். உன் கடிதம் வந்த பிறகுதான் பிள்ளைகளைக் கேட்டேன். ஜேம்ஸ் சொன்னான், “பஸ்ல எல்லாரும் அவள மலாவி மலாவின்னு கூப்புடுவாங்க டீச்சர். ‘ஊ’ன்னு கத்துவாங்க. அவ எறங்கிப் பூட்டா.” எங்கள் வகுப்பிலும் இப்போது யாராவது யாரையாவது திட்ட வேண்டுமென்றால் “போடி மலாவி” என்கிறார்கள். நான் சொல்லிக்கொடுத்த நாடு இப்போது வசவாகிவிட்டது அக்கா. அவள் ஒரேயடியாக நின்றுவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. அவள் வீட்டுக்குப் போக எனக்கு முகமில்லை.

ஜாஸ்மின்


மலாவி
30 நவம்பர் 2025

ஜாஸ்மின்,

நீ கேட்டாய், எழுதுகிறேன். பாம்பாட்டி இல்லை, பிச்சைக்காரனும் இல்லை. நான் உன்னைவிட ஒழுங்காகச் செய்துகாட்ட வேண்டும் என்ற வீம்பில் இருந்தேன். டவுன் கடைக்கார அம்மாளிடம் புடவைகள் இரவல் வாங்கினேன். காகிதத்தில் மல்லிகை செய்தோம். செஞ்சிக் கோட்டையைப் பலகையில் வரைந்தேன், ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றையும். பிள்ளைகளுக்குத் தலைவாரி, பின்னி, பொட்டு வைத்தேன்.

அப்புறம் பவுடர் போட்டேன்.

எப்படி என்று கேட்காதே. கை தானாகப் போனது. நம்ம வீட்டில் தலை வாரினால் அடுத்தது பவுடர்தானே. அம்மா அனுப்பும் டப்பாக்களை நான் போட்டுக்கொள்வதில்லை, எறியவும் மனசு வராமல் அலமாரியில் அடுக்கி வைத்திருந்தேன். அதை எடுத்து வரிசையாக நிற்க வைத்து ஒவ்வொரு முகமாகப் பூசிக்கொண்டே போனேன். உனக்கு அப்படி ஒரு கடிதம் எழுதிய அதே கை.

சிக்கோண்டி முறை வந்தது. கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பூசி முடித்ததும் திறந்து, என் முகத்தையே பார்த்தாள். தன் கையை நீட்டி என் கையோடு ஒட்டி வைத்துப் பார்த்தாள். என் கையும் அவள் கையும் ஒன்றாகத்தான் இருந்தன. “சிஸ்டர், நீங்கள்தானே இந்தியா? நீங்கள் எங்களைப் போலத்தானே இருக்கிறீர்கள்? பிறகு ஏன் எங்களை வெள்ளையாக்குகிறீர்கள்?” கோபமே இல்லை அவளுக்கு, சந்தேகம்தான் கேட்டாள்.

டப்பா கையிலிருந்து விழுந்துவிட்டது. என் வாழ்நாளில் நான் அப்படி அதிர்ந்ததில்லை ஜாஸ்மின். நைனா செத்த செய்தி வந்தபோதுகூட இல்லை. இத்தனை வருஷம் இங்கே இருந்து, இந்தப் பிள்ளைகளை என் பிள்ளைகள் என்று சொல்லிக்கொண்டு, எனக்குள் இந்தியா என்றால் இன்னும் நீல முக்காடு போட்ட சிவப்பு மாதாவாகத்தான் இருந்திருக்கிறது. அதில் எனக்கே இடமில்லை.

தண்ணீர் கொண்டுவரச் சொல்லி எல்லோர் முகத்தையும் நானே கழுவிவிட்டேன். கழுவும்போது அழுதேன். அவர்கள் என்னவோ விளையாட்டு என்று நினைத்தார்கள்.

உன்னைத் திட்டியதில் ஒரு வார்த்தையையும் நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. இனி அதில் என்னையும் சேர்த்துக்கொள். முகமில்லை என்று உட்கார்ந்திருக்காதே. அந்தப் பெண் வீட்டுக்குப் போ.

இருதயமேரி


செஞ்சி
8 ஜனவரி 2026

என் அக்காவுக்கு,

உன் கடிதம் அரையாண்டுத் தேர்வு நடக்கும்போது வந்தது. அன்று மாலையே தொண்டூர் பஸ் ஏறினேன்.

வீட்டைக் கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தேன். அவள் அம்மா மீனம்பாள் வாசலெதிர்க் களத்தில் மணிலாச் செடியிலிருந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்து நின்றார், உட்காரச் சொல்லவில்லை. “உடம்பு எப்படி இருக்கு பாப்பாவுக்கு?” என்றேன். “உடம்புக்கு இன்னா, நல்லாத்தான் கீது” என்றார். அடுத்த செடியை எடுத்து உதறிக்கொண்டே சொன்னார், “ஊரே சிரிச்சிருந்தாலும் எம்பொண்ணு தாங்கியிருக்கும் டீச்சர். ‘எங்க டீச்சரும் சிரிச்சாங்கம்மா’ன்னு சொல்லித்தான் அழுவுது.”

“அவளப் பாக்கணும்” என்றேன்.

உள்ளே பார்த்து மகளைக் கூப்பிட்டார். அன்புக்கரசி வாசலுக்கு வந்தாள். அக்கா, அவள் முகம் முழுக்கப் பவுடர். கழுத்து வரைக்கும், காது மடல் வரைக்கும், திட்டுத்திட்டாக. கடைக்குப் போகவேண்டுமானாலும் இதைப் பூசாமல் வாசலைத் தாண்டுவதில்லையாம். “டப்பா டப்பாவா தீக்குது” என்றார் அவள் அம்மா. உன் கடிதம் என் கைப்பையில் இருந்தது. அங்கே நீ டப்பாவைக் கீழே போட்டாய், இங்கே நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

முந்தானையால் துடைக்கக் கையைக் கொண்டுபோனேன். சட்டென்று பின்வாங்கினாள். அந்த உரிமை எனக்கு இல்லை என்று புரிந்தது. கையை எடுத்துவிட்டு, “தப்பு பண்ணிட்டேன் கண்ணு. சிரிச்சது தப்பு. உனக்குப் புடிச்ச நாட்ட புடுங்குனது அத விடத் தப்பு” என்றேன். அவள் அம்மா எதிரிலேயே சொன்னேன். உன் கடிதத்தில் சிக்கோண்டி கேட்டதை மட்டும் வாசித்துக் காட்டினேன். கையோடு கை வைத்துப் பார்த்ததை ரெண்டாம் தடவை வாசிக்கச் சொன்னாள். நான் கிளம்பும்போது, “அந்தப் பொண்ணு எந்த கிளாஸ்?” என்றாள். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மூன்று ராஜாக்கள் திருநாள். கறுப்பு ராஜாவாக ஒரு பிள்ளைக்கு மை பூசிக்கொண்டிருந்தார்கள். போய் உபதேசியாரிடம் சண்டை போட்டேன். “காலங்காலமா நடக்குறது, உனக்கு இன்னா இப்ப?” என்றார். மையும் பூசினார்கள். அம்மா என்னைக் கேட்டாள், “இன்னாத்துக்குடி டென்ஷன் ஆவுற?” அடுத்த ஞாயிறு போனில் நீயே சொல், எனக்குச் சொல்ல வரவில்லை.

திங்கட்கிழமை பள்ளி திறந்தது. அன்புக்கரசி வந்திருந்தாள். முகத்தில் பவுடர் இருந்தது. முதல் பீரியடில் எழுந்து, “டீச்சர், நான் நார்வே பேசணும்” என்றாள். வா என்றேன். யூனிஃபார்மிலேயே முன்னால் வந்து நின்றாள். வேஷம் இல்லை, அட்டை இல்லை. குளிர்காலத்தில் சூரியன் வராத ஊர், கோடையில் ராத்திரியிலும் போகாத சூரியன், கடல் உள்ளே புகுந்த மலைகள், மீன் பிடிக்கிறவர்கள் என்று சொல்லிக்கொண்டே போனாள்.

பாதியில் ஜேம்ஸ் எழுந்தான். வாலாட்டாமல் அவனால் இருக்க முடியாது. “டீச்சர், நார்வேன்னா செவப்பா இல்ல இருக்கணும்? இவ எப்புடி டீச்சர் நார்வே?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே திரும்பினாள்.

“நான் நார்வே இல்ல. நார்வேயப் பத்திச் சொல்ல வந்துருக்கேன். நீ குந்து.”

அவன் உட்கார்ந்துவிட்டான். அவள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

முடித்ததும், “அடுத்த வாரம் மலாவி. எங்கிட்ட உங்க அக்கா எழுதுன ஏரி, களி எல்லாம் தாங்க” என்று கேட்டாள். உன் ஆகஸ்ட் கடிதத்தை அவளிடமே கொடுத்துவிட்டேன். மீன் போட்ட அந்த மஞ்சள் துணியையும் துவைத்து மடித்துக் கொடுத்தேன். சிக்கோண்டியின் அம்மாவிடம் சொல், அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு இப்போதுதான் போய்ச் சேர்ந்தது.

இந்த முறை போட்டோ எடுக்கவில்லை.

ஜாஸ்மின்